கூரையைப் பிரித்துக் கதவு செய்யும் உடல்

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் அதன் பிறகு கீமோதெரபியும் முடித்துக்கொண்ட 889 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2025 ஜூன் மாதம் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த அந்த ஆய்வில், பயிற்சியாளரின் துணையோடு மூன்றாண்டுகள் உடற்பயிற்சி செய்தவர்களில் 80.3 சதவீதத்தினர் ஐந்தாம் ஆண்டில் நோய் திரும்பாமல் வாழ்ந்தனர். உடல்நலக் கையேடு மட்டும் பெற்றவர்களில் இந்த அளவு 73.9 சதவீதமாக இருந்தது. இது மதிக்கத்தக்க முடிவுதான். ஆனால் ‘மருந்தைவிட உடற்பயிற்சி மேல்’ என்று சில நாளிதழ்கள் போட்ட தலைப்புக்கு ஆய்வில் ஆதாரம் இல்லை. ஏனெனில் உடற்பயிற்சி எந்த மருந்தோடும் போட்டிக்கு விடப்படவில்லை, கத்தியையும் மருந்தையும் கடந்து வந்தவர்களே அதில் சேர்க்கப்பட்டனர். அவ்வாறு கடந்து வருவது எழுபது வயதைத் தாண்டியவருக்கு எளிதன்று என்பதாலும், அறுவை அரங்கிலிருந்து அவர் எவ்வளவு தசையோடும் எலும்போடும் வெளியே வருகிறார் என்பதே பின்னர் நடப்பவற்றைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பதாலும், அறுவையையொட்டிய சில வாரங்களில் உடலுக்குள் நடப்பதைக் கூர்ந்து பார்ப்பது பயனுள்ளது.

கொழுப்புக்கு உடலில் கிடங்கு உண்டு. சர்க்கரைக்கும் கல்லீரலிலும் தசையிலும் சிறிது இருப்பு உண்டு. புரதத்துக்கு மட்டும் அப்படிச் சும்மா வைத்திருக்கும் சேமிப்பு கிடையாது, ஒவ்வொரு புரத மூலக்கூறும் ஏதேனும் ஒரு வேலையில் இருக்கிறது. குடலின் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டு இரு முனைகளும் தைக்கப்பட்டதும், கார்டிசால் என்னும் நெருக்கடி ஹார்மோனும் அழற்சியை அறிவிக்கும் இன்டர்லூகின்-6 போன்ற செய்தி மூலக்கூறுகளும் இரத்தத்தில் உயர்கின்றன. கல்லீரல் தன் அன்றாட வேலையைக் குறைத்துக்கொண்டு, இரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜன் முதலான அவசரகாலப் புரதங்களைச் செய்யத் தொடங்குகிறது. அவற்றுக்கான மூலப்பொருள் அமினோ அமிலங்கள். அறுவையையொட்டி உணவு குறைந்திருக்கும் நிலையில் அவை தசையிலிருந்தே வர வேண்டும்.

இதை, புயலடிக்கும் இரவில் வாசற்கதவு பிய்த்துக்கொண்டு போன ஓர் ஓட்டு வீட்டோடு ஒப்பிடலாம். மரக்கடை மூடிக் கிடக்க, கதவோ விடிவதற்குள் வேண்டும் என்னும் நிலையில், தச்சர் கூரையிலிருந்து கைமரங்களை உருவுகிறார். சிக்கல் அளவில் இருக்கிறது: கதவுக்கு அகலப் பலகை வேண்டும், கைமரமோ ஒடுக்கமானது, ஒரு பலகை தேற இரண்டு மூன்று கைமரங்களை அறுக்க வேண்டியிருக்கிறது, மிஞ்சும் துண்டுகளும் சீவலும் அடுப்புக்குப் போகின்றன, சாம்பல் புறக்கடையில் கொட்டப்படுகிறது. உடலில் அந்த அகலப் பலகையின் இடத்தில் இருப்பது ஃபினைல்அலனின் என்னும் அமினோ அமிலம். அவசரகாலப் புரதங்களில் அது மிகுதி, தசைப் புரதத்தில் குறைவு. ஒரு கிராம் ஃபைப்ரினோஜன் செய்வதற்குப் போதிய ஃபினைல்அலனினைப் பெற ஏறத்தாழ 2.6 கிராம் தசைப் புரதம் பிரிக்கப்பட வேண்டும் என்று 1994இல் பீட்டர் ரீட்ஸும் அவருடைய சகாக்களும் கணக்கிட்டனர். தேவையற்று எஞ்சும் அமினோ அமிலங்களில் பெரும்பகுதி சர்க்கரையாக மாற்றப்பட்டு எரிக்கப்படுகிறது. அவற்றின் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் வெளியேறுகிறது. இது சாம்பல் கணக்கு. வெளியேறும் ஒவ்வொரு கிராம் நைட்ரஜனும் ஏறத்தாழ 6.25 கிராம் புரதத்துக்கு, அதாவது நீரோடு சேர்த்து 30 கிராம் அளவிலான ஈரத் தசைக்குச் சமம். உயிரைக் காப்பதற்காக உடல் செய்யும் இந்த வேலையில் குற்றம் காண முடியாது. கூரை எவ்வளவு கனத்தில் இருந்தது என்பதுதான் கேள்வி.

இந்தச் சாம்பலை முதலில் எடை போட்டவர்களுள் முக்கியமானவர் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில் பணியாற்றிய டேவிட் கத்பர்ட்சன். எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரை 1930ஆம் ஆண்டையொட்டி அளந்த அவர், வெளியேறிய நைட்ரஜன் காயம்பட்ட இடத்திலிருந்து மட்டும் வந்திருக்க முடியாத அளவுக்கு மிகுதி என்று காட்டினார்.

முதுமையில் இரண்டு இடர்கள் கூடுகின்றன. ஒன்று படுக்கை: சராசரியாக 67 வயதுடைய, நோயற்ற தன்னார்வலர்கள் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருந்தபோது கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தனர் என்று 2007இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது, அவர்களுக்குக் காயமும் இல்லை, பட்டினியும் இல்லை. மற்றொன்று, காலையில் மரக்கடை திறந்த பிறகும் முதிய தச்சரின் கை எளிதில் அசைவதில்லை. உணவிலிருந்து தசைப் புரதம் கட்டும் வேலை முழுவேகம் பெற, இளைஞருக்கு ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.24 கிராம் புரதம் போதும் என்றால், எழுபது வயதையொட்டியவருக்கு 0.40 கிராம் வேண்டியிருக்கிறது; அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது 24 கிராம். நான்கு முட்டைகளில் உள்ள புரதத்துக்கு நிகரான அந்த அளவை, அறுவைக்குப் பின் பல வீடுகளில் நாள்கணக்கில் தரப்படும் அரிசிக் கஞ்சியால் எட்டவே முடியாது.

எலும்பின் இழப்பு மெதுவானது, ஆகவே கண்ணுக்குத் தப்புவது. நடக்கும்போது இடுப்பு மூட்டின் மேல் விழும் விசை உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு அளவுக்கு இருக்கிறது என்றால், அதில் பெரும்பங்கு தசைகளின் இழுப்பு. அந்த இழுப்பு குறையும்போது எலும்புக்குள் புதைந்திருக்கும் உணர்செல்கள் ஸ்கிலிரோஸ்டின் என்னும் புரதத்தைச் சுரந்து, புது எலும்பு கட்டும் செல்களின் வேலையை அடக்குகின்றன. அழற்சி மறுபுறம் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுகிறது. கீமோதெரபியின் வாந்தியைத் தடுக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தும் எலும்புக்கு ஆகாதது. மலக்குடல் புற்றுநோயாக இருந்து இடுப்புக்குக் கதிர்வீச்சும் தரப்பட்டால் சுமை இன்னும் ஏறுகிறது. 65 வயதைக் கடந்த அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாண்டுக்குள் இடுப்பெலும்பு முறிவு கதிர்வீச்சு பெற்ற மலக்குடல் நோயாளிகளில் 11.2 சதவீதமாகவும் பெறாதவர்களில் 8.7 சதவீதமாகவும் இருந்தது.

வருந்தத்தக்கது என்னவென்றால், இந்த இழப்பை முன்கூட்டியே அளக்கும் படம் பெரும்பாலும் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க எடுக்கும் வயிற்று சி.டி. ஸ்கேனில், மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் ஒரே ஒரு குறுக்குவெட்டை எடுத்து, தசையின் பரப்பை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் தசை இருப்பின் குறியீடு கிடைக்கும். அதே படத்தில், நீரைச் சுழியமாகக் கொண்ட ஹௌன்ஸ்ஃபீல்டு அளவீட்டின்படி, முதல் இடுப்பு முள்ளெலும்பின் பஞ்சுப் பகுதி 110க்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை நோய்க்கு வாய்ப்பு மிகுதி. புதுச் செலவோ புதுக் கதிர்வீச்சோ வேண்டாம். தசைக் குறியீட்டின் எல்லைக்கோடு எல்லா இனத்தவருக்கும் ஒன்றல்ல என்பது உண்மையான தடைதான். ஆயினும் அது அளக்காமலே விடுவதற்குக் காரணமாகாது.

இழப்பு உண்டு என்று தெரிந்ததும் விற்பனைக்கு வருவது பொடி. காயத்துக்குப் பின் தசையை விட்டு வெளியேறும் அமினோ அமிலங்களில் குளூட்டமின் முதன்மையானது என்பதால் அதைத் திரும்பக் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. பல உறுப்புகள் செயலிழந்த தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட பெரும் சோதனையில், குளூட்டமின் பெற்றவர்களிடையே இறப்பு கூடியது. மாறாக, பகட்டில்லாத வழி ஓரளவு பலன் காட்டியிருக்கிறது: பெருங்குடல், மலக்குடல் அறுவைக்கு முந்தைய நான்கு வாரங்களில் உடற்பயிற்சி, புரதம், மன ஆதரவு, புகை நிறுத்தம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்த, 251 பேர் பங்கேற்ற 2023ஆம் ஆண்டுச் சோதனையில், கடும் சிக்கல்கள் 29.7 சதவீதத்திலிருந்து 17.1 சதவீதமாகக் குறைந்தன. அது திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே நிறுத்தப்பட்ட சோதனை என்பதும், நான்கில் எது பயன் தந்தது என்று பிரித்தறிய முடியாது என்பதும் மறக்கலாகாதவை. இருந்தும், கூரையை முன்பே வலுப்படுத்துவது புயலுக்குப் பின் மரம் தேடுவதைவிட மேல் என்ற கருத்துக்கு இன்றுள்ள சான்றுகளில் இது வலுவானது.

ஆகவே, வீட்டு முதியவருக்கு இந்த அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டால், அவர் கைகளை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அன்றே பாருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் அதை மருத்துவரிடம் சொல்லி, ஸ்கேனில் தசையும் எலும்பும் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லையென்று உறுதி செய்துகொண்டு, முட்டை, பருப்பு, பால், மீன் இவற்றில் அவருக்கு ஒத்துக்கொள்வதை ஒவ்வொரு வேளையும் கூட்டுங்கள். அறுவைக்குப் பின், ‘அசையாமல் படுத்திருங்கள்’ என்று அன்போடு தடுக்காமல், மருத்துவர் அனுமதித்த உடனே அவரைக் கைப்பிடித்து எழுப்பி நாற்காலியில் அமர்த்தி உண்ணச் செய்யுங்கள்.