கம்பியில் தொங்கிய காகிதங்கள்

திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்தில் அன்று எந்தக் காகிதத்தையும் லேசில் தூக்கி எறிய மாட்டார்கள். சாலைக் கடையின் துண்டுச்சீட்டு, கோயில் நோட்டீஸ், ஊர்க் கடுதாசி எல்லாம் வளைத்த கம்பியில் குத்தித் தொங்கும். கம்பி நிறைந்தால் தகரப் பெட்டிக்குப் போகும். பூச்சி வராமலிருக்கக் கூடவே ஒரு துண்டு வசம்பு. அதைச் சேகரிப்பு என்று யாரும் சொல்லவில்லை.

என் சேகரிப்பு அப்படி ஒரு பெட்டியில் தொடங்கியது. முதலில் கைக்கு வந்தது ஓர் அஞ்சல் கார்டு. மூலையில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சங்கு, விலை எட்டுக் காசு. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று கணக்குப் பார்த்த காலம். சமஸ்தானத்தின் அந்தத் தனி அஞ்சல் 1951இல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. அடுத்து ஒரு கல்யாணப் பத்திரிகை. நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் பழுப்பேறியிருந்தது. எழுத்து தமிழ், நாளோ 1112 மேடம், அதாவது 1937 சித்திரை. தமிழ் பேசிக்கொண்டு கொல்லம் ஆண்டில் முகூர்த்தம் பார்த்த தெரு இது. இங்கே இருந்ததாகச் சொல்லப்படும் காந்தளூர்ச் சாலையைப் பற்றிச் சொல்ல ராஜராஜன் மெய்க்கீர்த்தி இருக்கிறது. இந்தத் தெரு அரிசி வாங்கிய விலையைச் சொல்லக் கடைச்சீட்டை விட்டால் வேறு சாட்சி இல்லை.

இன்று கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வருகிறது. போன் மாறினால் போய்விடுகிறது. கடை பில்லோ வெப்பத்தில் அச்சாகும் தாள். இரண்டு வருஷத்தில் வெளுத்து வெறுந்தாளாகிறது. மை தொட்டு எழுதிய பாட்டி காலத்துச் சீட்டை இன்னும் படிக்க முடிகிறது, போன வருஷத்துப் பில்லைப் படிக்க முடியவில்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை.

இப்படிப்பட்ட காகிதங்களைக் காத்தவரும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகைகளையும் நாடக நோட்டீஸ்களையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கிக் காப்பாற்றியது. அந்தச் சேகரிப்பு இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. தனி ஒருவர் தொடங்கியது.

பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். யார் வீட்டுக் காகிதம், எந்த வருஷம் என்று பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். வீட்டை இடிக்கும் முன், பழைய பேப்பர்காரரிடம் பெட்டியைக் கொடுக்கும் முன், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள்.