குதிகால் நொறுங்கியபோது...

எங்கள் குன்னூர்ப் பக்கம் ஐப்பசி மழை பொல்லாதது. அதற்கு முன்னால் கூரைத் தகரத்தைச் சரி பார்க்காத வீடு இங்கே கிடையாது. 2024 புரட்டாசிக் கடைசியில் என் வீட்டுக்காரரும் ஏணி போட்டு ஏறினார். "ஆள் வரட்டுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். கேட்டால்தானே! ஏணி சறுக்கி, பத்தடி உயரத்திலிருந்து கல்படியில் இரண்டு காலும் ஊன்றி வந்து நின்றார். நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தலையில் அடியில்லை, ரத்தமில்லை என்று மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்தேன். முதலில் காட்டிய இடத்தில் சுளுக்கு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ராத்திரிக்குள் வலது கால் பூசணிக்காயாக வீங்கி, உள்ளங்காலில் நீலம் பாரித்தது. மறுநாள் வேறிடத்தில் எக்ஸ்ரே எடுத்தால், குதிகால் எலும்பு நொறுங்கியிருக்கிறது!

சகோதரிகளே, உயரத்திலிருந்து குதித்தவருக்கு உள்ளங்கால் நீலமானால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். முதுகையும் பார்க்கச் சொல்லுங்கள். குதிகால் உடைந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்குமாம். நல்லவேளை, இவருக்கு இல்லை.

"கத்தி வேண்டாங்கண்ணு, புத்தூர் கட்டுப் போட்டா சரியாயிடும்" என்று மாமியார் அழ ஆரம்பித்தார். எனக்கும் பாதி மனசு அதுதான். ஆனாலும் கோயமுத்தூருக்கு இறங்கினோம். (ஊட்டியில் 700 படுக்கைகளோடு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திறந்தது 2025 ஏப்ரலில்தான்.) அங்கே சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு, டாக்டர் பேப்பரில் படம் போட்டுக் காட்டினார்.

பாதத்திலேயே பெரிய எலும்பு குதிகால்தானாம். வெளியே மெல்லிய ஓடு, உள்ளே ரஸ்க் மாதிரி துளைத்துளையாக இருக்கும். உயரத்திலிருந்து விழும்போது மேலே இருக்கும் கணுக்கால் எலும்பு உலக்கை மாதிரி இறங்கி அதை இடித்துவிடுகிறது. இரண்டும் சேரும் மூட்டுதான் பாதத்தை இப்படியும் அப்படியும் சாய்க்க உதவுவது. சமதரையில் நடப்பவருக்கு அதன் அருமை தெரியாது. தேயிலைச் சரிவில் தினம் ஏறி இறங்குகிறவருக்கு அது பிழைப்பு. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இரண்டு கோடு போட்டு, வியன்னாவின் பழைய டாக்டர் போலர் சொன்ன கோணத்தை அளந்தார். சாதாரணமாக 20 முதல் 40 டிகிரி. இவருக்கு ஐந்துகூட இல்லை.

"ஆபரேஷன் பண்ணினா பழையபடி ஆயிடுமா டாக்டர்?" என்றேன்.

மனுஷர் மழுப்பவில்லை. "அப்படி நான் சொல்லமாட்டேம்மா" என்றார். இங்கிலாந்தில் 151 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2014-இல் வெளியானதாம். பெரிதாகக் கீறி ஆபரேஷன் செய்தவர்களுக்கும், செய்யாமல் விட்டவர்களுக்கும் இரண்டு வருஷம் கழித்து வலியிலும் நடையிலும் பெரிய வித்தியாசமில்லையாம். புண், சீழ் தொல்லை மட்டும் ஆபரேஷன் செய்தவர்களுக்கு அதிகம். குதிகாலில் சதையே கிடையாது, தோல்தான். 'ட' மாதிரி நீளமாகக் கீறினால் ஓரம் கறுத்துப் போகும்.

அதனால்தான் இப்போது சின்னக் கீறல். வெளிக்கணுக்குக் கீழே ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. அதன் வழியே, ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் மெஷினில் பார்த்துக்கொண்டு, அமுங்கிய துண்டை நெம்பித் தூக்கி ஸ்குரு போடுகிறார்கள். புண் தொல்லை குறைவு. எல்லோருக்கும் இது பொருந்தாது. எலும்பு விலகாதவருக்குக் கட்டும் ஓய்வுமே போதும்; ரொம்பச் சிதறியிருந்தால் வேறு வழி பார்க்க வேண்டும். இவருக்கு மூட்டே அமுங்கிப்போனதால் செய்து பார்க்கலாம் என்றார். அதிகம் தள்ளிப்போட முடியாது, இரண்டு வாரம் போனால் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு நிபந்தனையும் போட்டார்: "பீடியை நிறுத்தணும்." புகை பிடித்தால் புண் ஆறாதாம். சர்க்கரை இருந்தாலும் அதே கதைதான். இருபது வருஷமாக நான் கெஞ்சி நடக்காதது அன்றைக்கு நடந்தது! மாமியாரிடம் போனில் சொன்னேன். "உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டார். கை நடுங்கத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இடுப்பில் ஊசி போட்டு மரக்கவைத்துச் செய்தார்கள். அது சீக்கிரம் முடிந்துவிட்டது. கஷ்டமெல்லாம் வீட்டில்தான். பத்து வாரம் கால் தரையில் படக்கூடாது. எங்கள் வீட்டுக்கோ ரோட்டிலிருந்து பதினெட்டுப் படி! நாற்காலியோடு நாலு பேர் தூக்கி வந்தார்கள். காலைத் தலையணை அடுக்கி நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைப்பது, விரல்களை ஆட்டச் சொல்வது, குளிக்க பிளாஸ்டிக் ஸ்டூல், கக்கூஸுக்கு ஓட்டை நாற்காலி... தையல் பிரித்த பிறகு கணுக்காலை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சி. வலிக்கிறது என்று என்னை வைதபடிதான் செய்வார். மாமியார்தான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவார்.

புண் சுத்தமாக ஆறிவிட்டது. அகலமான ஷூ போட்டு இப்போது வேலைக்குப் போகிறார். சாயங்காலமானால் வீக்கம் உண்டு. குளிர் நாளில் வலி உண்டு. ரோட்டில் நேராக நடக்கிறார், தேயிலைச் சரிவில் மட்டும் கம்பு வேண்டும். போன வருஷம் தகரம் மாற்ற ஆள் கூப்பிட்டோம். அப்போதும் வாசலில் நின்று, "ஏணியை நல்லா பிடிப்பா" என்று கத்திக்கொண்டே இருந்தார்.