பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பருவ இடைவேளைத் தேவைகளும் இரசிகர் அதிருப்தியும்

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த தொழில்முறை அடிபந்தாட்ட (பேஸ்பால்) அணியாகும். மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பின் 30 அணிகளுள் ஒன்றான இது, அதன் நேஷனல் லீக் பிரிவில் 1887 முதல் ஆடி வருகிறது. 1909, 1925, 1960, 1971, 1979 ஆகிய ஐந்து ஆண்டுகளில் உலகத் தொடரை வென்றுள்ளது. எனினும், 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 பருவங்களில் வெற்றிகளை விடத் தோல்விகளையே மிகுதியாகப் பெற்றது. வட அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறை விளையாட்டுகளில் வேறெந்த அணியும் இத்தனை பருவங்கள் தொடர்ச்சியாகத் தோற்றதில்லை.

ஒவ்வொரு ஆண்டும் பருவம் முடிந்த பின் அணியின் குறைகளை நிரப்ப நிருவாகம் போதிய பணம் செலவிடுவதில்லை என்பது இவ்வணி இரசிகர்களின் நெடுநாளைய முறையீடாகும். அம்முறையீட்டின் பின்னணியையும், அடிபந்தாட்டத்தின் பருவ இடைவேளை இயங்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பருவ இடைவேளை என்றால் என்ன?

மேஜர் லீக் பருவம் மார்ச் இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் இறுதி வரை நடைபெறும். இக்காலத்தில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடும். தகுதி பெற்ற அணிகள் அக்டோபர் மாதத்தில் இறுதிச் சுற்றுகளில் மோதும். உலகத் தொடர் முடிந்தது முதல் அடுத்த ஆண்டின் பிப்ரவரி மாதப் பயிற்சி முகாம் வரையிலான காலமே பருவ இடைவேளை எனப்படுகிறது. இக்காலத்தில் ஆட்டம் எதுவும் நடைபெறாது. ஆயினும், அடுத்த பருவத்தின் வெற்றி தோல்வி பெருமளவு இக்காலத்திலேயே தீர்மானிக்கப்படுகிறது.

ஓர் அணி ஆட்டங்களில் பயன்படுத்தக்கூடிய பட்டியலில் 26 ஆட்டக்காரர்கள் இருப்பர். இவர்களையும் உள்ளடக்கிய விரிவான பட்டியலில் 40 பேர் இடம் பெறலாம். பட்டியலிலுள்ள வெற்றிடங்களை ஓர் அணி மூன்று வழிகளில் நிரப்பலாம்.

1. தன் கீழுள்ள மைனர் லீக் அணிகளில் வளர்ந்த இளைஞர்களை உயர்த்துதல்.
2. பிற அணிகளுடன் ஆட்டக்காரர்களைப் பரிமாறிக்கொள்ளுதல்.
3. ஒப்பந்தம் முடிந்து எவ்வணியையும் சாராதிருக்கும் கட்டற்ற ஆட்டக்காரர்களைப் பணம் கொடுத்துச் சேர்த்தல்.

முதல் வழி மெதுவானது. இரண்டாவது வழியில் ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டும். மூன்றாவது வழி விரைவானது. ஆனால் செலவு மிக்கது. பிட்ஸ்பர்க் அணி நெடுங்காலமாக முதலிரு வழிகளையே பெரிதும் நம்பி வந்துள்ளது. இரசிகர்களின் சினத்திற்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

ஆறு ஆண்டுக் கணக்கு

மேஜர் லீக்கில் நுழையும் ஆட்டக்காரர் ஒருவர் ஆறு ஆண்டுச் சேவையை நிறைவு செய்யும் வரை தம் அணியை விட்டு விருப்பம்போல் வெளியேற இயலாது. பொதுவாக முதல் மூன்று ஆண்டுகளில் அவருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிய தொகையே கிடைக்கும். 2025 பருவத்தில் இத்தொகை 7,60,000 டாலராக இருந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில், அணியும் ஆட்டக்காரரும் ஊதியத்தில் உடன்படாவிடில் நடுவர் குழு அதனை முடிவு செய்யும். ஆறு ஆண்டுகள் நிறைவுற்றதும் அவர் கட்டற்ற ஆட்டக்காரராகி எந்த அணியுடனும் பேரம் பேசலாம்.

இதன் விளைவாக, திறமையான இளம் ஆட்டக்காரர் ஓர் அணிக்கு மலிவாகக் கிடைக்கும் காலம் வரையறுக்கப்பட்டதாகிறது. பணம் படைத்த அணிகள் அக்காலம் முடிந்ததும் அவருக்குப் பெருந்தொகை வழங்கித் தக்கவைக்கலாம். மற்ற அணிகளோ அந்த ஆறு ஆண்டுகளுக்குள் அவரைச் சுற்றி ஒரு நல்ல அணியைக் கட்ட வேண்டும். கட்டத் தவறினால், ஒப்பந்தம் முடியுமுன் அவரை வேறு இளைஞர்களுக்காகப் பரிமாற வேண்டியிருக்கும். பிறகு அவ்விளைஞர்கள் வளரும் வரை காத்திருக்க வேண்டும். பிட்ஸ்பர்க் அணி இச்சுழற்சியில் பலமுறை சிக்கியுள்ளது.

வருவாயும் ஊதியச் செலவும்

அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்திலும் அமெரிக்கக் காற்பந்தாட்டத்திலும் அணிகளின் மொத்த ஊதியத்திற்கு உச்சவரம்பு உண்டு. அடிபந்தாட்டத்தில், 2025 நிலவரப்படி, அத்தகைய உச்சவரம்பு இல்லை. குறிப்பிட்ட அளவைத் தாண்டும் அணிகள் ஒருவகை வரி செலுத்தினால் போதும். 2025இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் ஊதியச் செலவு 30 கோடி டாலரைத் தாண்டியது. அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் அணியின் செலவு 10 கோடி டாலருக்கும் குறைவாகவே இருந்தது.

இவ்வேறுபாட்டிற்கு முதன்மைக் காரணம் உள்ளூர்த் தொலைக்காட்சி உரிமை வருவாய் ஆகும். பெருநகர அணிகளுக்கு இது மிகுதியாகவும், பிட்ஸ்பர்க் போன்ற நடுத்தர நகரங்களின் அணிகளுக்குக் குறைவாகவும் கிடைக்கிறது. இதனை ஓரளவு ஈடுசெய்ய வருவாய்ப் பகிர்வு முறை உள்ளது. ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் நிகர வருவாயில் 48 விழுக்காட்டைப் பொது நிதியில் சேர்க்க, அது 30 அணிகளுக்கும் சமமாகப் பிரித்தளிக்கப்படுகிறது. எனவே, குறைந்த வருவாயுள்ள அணிகள் தாம் செலுத்துவதை விட மிகுதியாகப் பெறுகின்றன. இவ்வாறு பெறும் பணம் ஆட்டக்காரர்களுக்காகச் செலவிடப்படுகிறதா, உரிமையாளரிடம் தங்குகிறதா என்பதே சர்ச்சையின் மையமாகும்.

வரலாறு

1990, 1991, 1992 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பைரேட்ஸ் அணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது. 1991 பருவத்திற்குப் பின் பாபி போனியா நியூயார்க் மெட்ஸ் அணிக்குச் சென்றார். 1992 அக்டோபரில் அட்லாண்டா அணியுடனான ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்சில் பிட்ஸ்பர்க் தோற்று, உலகத் தொடர் வாய்ப்பை இழந்தது. அந்த இடைவேளையில் பாரி பாண்ட்ஸ் 4.375 கோடி டாலர் மதிப்புள்ள ஆறாண்டு ஒப்பந்தத்தில் சான் பிரான்சிஸ்கோ அணிக்கும், பந்து வீச்சாளர் டக் டிராபெக் ஹூஸ்டன் அணிக்கும் சென்றனர். இருபது ஆண்டுத் தோல்வித் தொடர் அடுத்த பருவத்தில் தொடங்கியது.

2001இல் பொதுப்பணத்தின் உதவியுடன் பி.என்.சி. பார்க் என்ற புதிய அரங்கம் திறக்கப்பட்டது. புதிய அரங்கின் வருவாய் அணியை வலுப்படுத்தும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. 2003இல் மூன்றாம் தளக் காப்பாளர் அராமிஸ் ராமிரஸ் செலவுக் குறைப்பை முன்னிட்டுச் சிகாகோ கப்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். அங்கு அவர் பல ஆண்டுகள் சிறந்து விளங்கியதும், பதிலுக்கு வந்தவர்கள் நிலைக்காததும் இரசிகர்களின் நினைவில் நீங்காத வடுவாயின.

2007இல் பாப் நட்டிங் அணியின் முதன்மை உரிமையாளரானார். அவ்வாண்டு ஜூன் 30 அன்று நடந்த ஆட்டத்தில், மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் இரசிகர்களில் ஒரு பகுதியினர் இருக்கைகளை விட்டு எழுந்து வெளியேறி எதிர்ப்புத் தெரிவித்தனர். 2010 ஆகஸ்டில் அணியின் கணக்குகள் ஊடகங்களில் கசிந்தன. 2007, 2008 ஆகிய இரு ஆண்டுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 2.9 கோடி டாலர் இலாபம் ஈட்டப்பட்டதை அவை காட்டின. இளம் ஆட்டக்காரர் தேர்வு, டொமினிக்கன் குடியரசில் அமைத்த பயிற்சிக்கூடம் போன்றவற்றிற்குப் பணம் செலவிடப்படுவதாக நிருவாகம் விளக்கமளித்தது.

எழுச்சியும் வீழ்ச்சியும்

சிக்கனமான ஓர் இடைவேளையும் வெற்றி தரக்கூடும் என்பதற்கு 2012-13 எடுத்துக்காட்டாகும். அக்காலத்தில் பொது மேலாளர் நீல் ஹன்டிங்டன், பந்து பிடிப்பாளர் ரசல் மார்ட்டினை ஈராண்டுகளுக்கு 1.7 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். மட்டையடியில் மார்ட்டின் நடுத்தரமானவரே. ஆனால், எல்லைக்கோட்டை ஒட்டி வரும் பந்துகளை நடுவர் சரியான வீச்சாகக் கருதும் வகையில் பிடிப்பதில் அவர் தேர்ந்தவர். இத்திறனின் மதிப்பை அக்காலத்தில் பல அணிகள் முழுமையாக உணர்ந்திருக்கவில்லை. 2013இல் பைரேட்ஸ் 94 ஆட்டங்களில் வென்று, 21 ஆண்டுகளுக்குப் பின் இறுதிச் சுற்றை அடைந்தது. ஆண்ட்ரூ மக்கட்சன் அவ்வாண்டு நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்.

2014இலும் 2015இலும் அணி மீண்டும் தகுதி பெற்றது. 2015இல் 98 வெற்றிகள் கிடைத்தன; அரங்கிற்கு வந்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ 25 இலட்சத்தை எட்டியது. வெற்றி வாய்ப்பு இருந்தால் நகர மக்கள் திரண்டு வருவர் என்பதற்கு இரசிகர்கள் இவ்வெண்ணையே சான்றாகக் காட்டுவர்.

இதனை அடுத்த இடைவேளையில் அணியை மேலும் வலுப்படுத்துவர் என எதிர்பார்க்கப்பட்டது. மாறாக, பிட்ஸ்பர்க்கிலேயே பிறந்து வளர்ந்த நீல் வாக்கர், பந்து வீச்சாளர் ஜான் நீசுக்குப் பதிலாக நியூயார்க் மெட்ஸ் அணிக்குப் பரிமாறப்பட்டார். நீஸ் சோபிக்கவில்லை, சில மாதங்களிலேயே மெட்ஸ் அணிக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். 2016இல் வெற்றிகள் 78 ஆகக் குறைந்தன. 2018 சனவரியில் கெரிட் கோல், மக்கட்சன் ஆகிய இருவரும் அடுத்தடுத்துப் பரிமாறப்பட்டனர். அணியை விற்குமாறு உரிமையாளரைக் கோரும் மனுவில் 50,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அவ்வாண்டு ஜூலையில் பந்து வீச்சாளர் கிறிஸ் ஆர்ச்சரைப் பெறுவதற்காக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் ஆகிய மூன்று இளைஞர்கள் டாம்பா பே அணிக்கு வழங்கப்பட்டனர். இது அணியின் மிக மோசமான பரிமாற்றங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

2019 இறுதியில் ஹன்டிங்டன் நீக்கப்பட்டு, பென் செரிங்டன் பொது மேலாளரானார். 2021இல் 101 தோல்விகளும் 2022இல் 100 தோல்விகளும் நேர்ந்தன.

பால் ஸ்கீன்சும் 2025 பருவமும்

2023ஆம் ஆண்டுத் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்ட பந்து வீச்சாளர் பால் ஸ்கீன்ஸ், 2024 மே மாதம் மேஜர் லீக்கில் அறிமுகமானார். அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் விருதையும், 2025இல் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதையும் பெற்றார். 2025இல் ஒன்பது இன்னிங்சுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 1.97 மட்டுமே. இருந்தும் அவர் கணக்கில் சேர்ந்தவை 10 வெற்றிகளும் 10 தோல்விகளும் ஆகும். அவர் எத்தனை சிறப்பாக வீசினாலும், மட்டையாளர்கள் ஓட்டம் எடுக்காததால் அணி தோற்றது. அவ்வாண்டு 30 அணிகளுள் மிகக் குறைந்த ஓட்டங்களும், மிகக் குறைந்த ஹோம் ரன்களும் எடுத்த அணி பிட்ஸ்பர்க்கே. அணி 71 வெற்றிகளுடனும் 91 தோல்விகளுடனும் பருவத்தை முடித்தது.

இரசிகர்களின் எதிர்ப்பு 2025இல் உச்சத்தை அடைந்தது. ஏப்ரல் மாதம் உள்ளூரில் நடந்த முதல் ஆட்டத்தின்போது, அணியை விற்கக் கோரும் பதாகையுடன் வானூர்தி ஒன்று அரங்கின் மேல் பறந்தது. அதே முழக்கம் இருக்கைகளிலிருந்தும் எழுந்தது. 1972இல் வானூர்தி விபத்தில் இறந்த ராபர்ட்டோ கிளமென்டேயின் நினைவாக வலப்புறச் சுவரில் இருந்த 21 என்ற எண் சின்னத்தின் இடத்தில் மதுபான விளம்பரம் வைக்கப்பட்டது. கண்டனம் எழுந்ததும் சின்னம் மீண்டும் வைக்கப்பட்டது. அரங்கம் திறக்கப்பட்ட காலத்தில் இரசிகர்கள் பணம் செலுத்தித் தம் குடும்பத்தார் பெயர்களைப் பொறித்த செங்கற்கள், கழிவு மறுசுழற்சி இடமொன்றில் கிடந்த படங்களும் அம்மாதமே வெளியாயின. மே மாதத்தில் மேலாளர் டெரெக் ஷெல்டன் நீக்கப்பட்டு டான் கெல்லி அப்பொறுப்பை ஏற்றார்.

2025-26 இடைவேளைத் தேவைகள்

இந்த இடைவேளை தொடங்கியபோது அணியின் தேவை தெளிவாக இருந்தது. பந்து வீச்சு வலுவாக இருந்ததால், அதில் ஒரு பகுதியைக் கொடுத்து மட்டையாளர்களைப் பெறுவதே இயல்பான வழியாகும். 2025 டிசம்பரில் பந்து வீச்சாளர் யோஹான் ஒவியேடோவை அனுப்பி, பாஸ்டன் அணியிலிருந்து இளம் வெளிக்களக்காரர் ஜாஸ்டின்சன் கார்சியாவைப் பெற்றது. பின்னர் மூன்று அணிகளுக்கிடையிலான பரிமாற்றத்தில் மைக் பரோசை ஹூஸ்டனுக்கு அனுப்பி, டாம்பா பே அணியின் பிராண்டன் லோவைப் பெற்றது. கட்டற்ற ஆட்டக்காரரான ரயன் ஓஹெர்னுடனும் ஈராண்டு ஒப்பந்தம் செய்தது.

ஸ்கீன்ஸ் 2029 பருவத்திற்குப் பின் கட்டற்ற ஆட்டக்காரராகும் தகுதியைப் பெறுவார். இவ்வணியின் வரலாற்றில் 2025 வரை மிகப் பெரிய ஒப்பந்தம் பிரையன் ரெனால்ட்ஸ் 2023இல் பெற்ற ஏறத்தாழ 10.7 கோடி டாலர் ஒப்பந்தமே. முன்னணிப் பந்து வீச்சாளர்கள் கட்டற்ற சந்தையில் இதைப் போல் பன்மடங்கு பெறுகின்றனர். ஆகவே 2026 முதல் 2029 வரையிலான நான்கு பருவங்களே அணிக்கு உறுதியாக உள்ளன. பாண்ட்ஸ், கோல் ஆகியோர் வழியில் இவரும் பிற அணியொன்றுக்குச் சென்றுவிடுவாரோ என்பதே இரசிகர்களின் அச்சம்.

இருதரப்பு வாதங்கள்

நகரின் சிறிய சந்தையையும், ஊதிய உச்சவரம்பு இல்லாத அமைப்பையும் நிருவாகத் தரப்பு காரணமாகக் காட்டுகிறது. இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பிட்ஸ்பர்க்கை விடச் சிறிய பெருநகரப் பகுதியைக் கொண்ட மில்வாக்கி புரூவர்ஸ் அணி, 2025இல் 97 வெற்றிகளுடன் 30 அணிகளுள் முதலிடம் பெற்றதை இரசிகர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். பணக்குறை மட்டுமே தோல்விக்குக் காரணமன்று. கிடைத்த ஆட்டக்காரர்களை மேம்படுத்துவதிலும், பரிமாற்றங்களில் தெரிவு செய்வதிலும் குறையுள்ளது என்பது அவர்கள் வாதமாகும்.

இந்தியத் தொடர்பு

2008 நவம்பரில் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ஆகியோரைப் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. மேஜர் லீக் அணியொன்றுடன் ஒப்பந்தம் செய்த முதல் இந்தியர்கள் இவர்களே. எனினும் இருவரும் மைனர் லீக் நிலையைத் தாண்டவில்லை. இவர்கள் கதையை அடிப்படையாகக் கொண்டு 2014இல் வெளியான "மில்லியன் டாலர் ஆர்ம்" திரைப்படத்திற்கு ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தார்.