நான்கு வருஷம் ஓடிய ஆலையைக் கலைக்கச் சொன்ன தீர்ப்பு... உச்ச நீதிமன்றமே மாற்றியது ஏன்? பூஷண் பவர் வழக்கின் பின்னணி

கடனில் மூழ்கிய ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்குகிறது. பேசிய பணம் வங்கிகளுக்குப் போய்ச் சேர்கிறது. ஆலை ஓடுகிறது, லாபமும் வருகிறது. நான்கு வருஷம் கழித்து நீதிமன்றம், 'வாங்கியதே செல்லாது, கம்பெனியைக் கலைத்துவிடுங்கள்' என்று சொன்னால்?

2025 மே 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. பூஷண் பவர் அண்ட் ஸ்டீல் நிறுவனத்தை ஜேஎஸ்டபிள்யூ ஸ்டீல் வாங்கிய திட்டத்தை ரத்து செய்து, நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. ஐந்து மாதம் முடிவதற்குள், செப்டம்பர் 26-ல், அதே உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. என்னதான் நடந்தது?

திவால் சட்டம் என்ன சொல்கிறது?

'மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டாரு' என்று ஊரில் பேசிக்கொள்வது தனிமனிதர் திவாலாவதைப் பற்றி. கம்பெனிகளுக்கு அப்படி ஒரே வழி இருந்ததில்லை. பல சட்டங்கள், பல தீர்ப்பாயங்கள் என்று வழக்குகள் இழுத்துக்கொண்டே போகும். முதலாளி அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், வங்கி அலைந்துகொண்டிருக்கும்.

இதை மாற்ற வந்ததுதான் 2016-ம் ஆண்டின் திவால் சட்டம். சுருக்கமாக ஐபிசி என்பார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு ஐபிசி.

இந்தச் சட்டப்படி, கடனைக் கட்டத் தவறிய கம்பெனி மீதான மனுவை தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்ட உடனே, இயக்குநர் குழுவின் அதிகாரம் போய்விடும். 'தீர்வு நிபுணர்' ஒருவர் பொறுப்பேற்பார். வங்கிகள் உள்ளிட்ட கடன் கொடுத்தவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, வாங்க வருபவர்களின் திட்டங்களைப் பரிசீலிப்பார்கள். 66 சதவீத வாக்கு கிடைத்தால் திட்டம் தேர்வாகும். அதற்குத் தீர்ப்பாயமும் ஒப்புதல் தர வேண்டும். யாரும் சரியாக வரவில்லை என்றால் கலைப்புதான், அதாவது சொத்துகளைப் பிரித்து விற்றுக் கடனை அடைப்பது.

வங்கிகள் ஏன் கலைப்பை விரும்புவதில்லை? ஓடுகிற ஆலைக்கு ஒரு விலை, நின்றுபோன ஆலையின் இரும்புக்கும் நிலத்துக்கும் வேறு விலை. கலைப்பில் கிடைக்கும் பணமும் வரிசைப்படிதான் பிரியும். நடைமுறைச் செலவு முதலில். அடுத்து, தொழிலாளர்களின் 24 மாதச் சம்பளப் பாக்கியும், அடமானம் வாங்கிக் கடன் கொடுத்தவர்களின் பாக்கியும் சம நிலையில். அதற்குப் பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி, அடமானம் இல்லாத கடன்கள், அரசுக்கான பாக்கி என்று இறங்கும். சரக்கு கொடுத்தவர், லாரி ஓட்டியவர், ஒப்பந்த வேலை செய்தவர் எல்லாம் அரசுக்கும் கீழேதான். பங்குதாரர் கடைசி. அவர் கைக்கு வருவதற்குள் பெரும்பாலும் பாத்திரம் காலி.

பூஷண் பவர் கதை

2017 ஜூனில் ரிசர்வ் வங்கி 12 பெரிய கடன் கணக்குகளைக் குறிப்பிட்டு, திவால் சட்டத்தின் கீழ் கொண்டுபோகச் சொன்னது. வங்கிகளின் மொத்த வாராக்கடனில் கால் பங்கு அந்த 12 பேரிடம் மட்டும் இருந்தது. அதில் ஒன்று பூஷண் பவர். ஒடிசாவில் ஜார்சுகுடா அருகே பெரிய ஆலை, தலைக்கு மேல் சுமார் 47,000 கோடி ரூபாய் கடன்.

பஞ்சாப் நேஷனல் வங்கி மனு போட, 2017 ஜூலையில் நடைமுறை தொடங்கியது. ஜேஎஸ்டபிள்யூ ஸ்டீல் கொடுத்த திட்டத்தின் மதிப்பு சுமார் 19,700 கோடி. அதில் 19,350 கோடி வங்கிகளுக்கு, 350 கோடி சரக்கு, சேவை கொடுத்தவர்களுக்கு. 2019 செப்டம்பரில் தீர்ப்பாயம் ஒப்புதல் தந்தது.

அடுத்த மாதமே அமலாக்கத்துறை உள்ளே வந்தது. பழைய நிர்வாகம் மீதான மோசடி வழக்கில், நிறுவனத்தின் 4,025 கோடி ரூபாய் சொத்துகளை முடக்கியது. முன்னாள் முதலாளி செய்த தப்புக்கு, புதிதாக வாங்குகிறவர் சொத்தை இழக்க வேண்டுமா? இந்தக் கேள்வி பெரிதாக வெடித்தது. 2019 டிசம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு, 32ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. நிர்வாகம் முழுமையாகக் கை மாறிவிட்டால், பழைய குற்றத்துக்காகக் கம்பெனி மீதோ அதன் சொத்து மீதோ நடவடிக்கை கூடாது. குற்றம் செய்த ஆட்கள் மட்டும் தப்ப முடியாது.

மேல்முறையீடுகளும் தாண்டி, 2021 மார்ச்சில்தான் ஜேஎஸ்டபிள்யூ பணத்தைக் கொடுத்து ஆலையைக் கையில் எடுத்தது. சட்டம் சொல்லும் உச்ச வரம்பு, வழக்குக் காலத்தையும் சேர்த்து 330 நாள். இங்கே ஆனது மூன்றரை வருஷத்துக்கும் மேல்.

மே மாதத் தீர்ப்பு

முன்னாள் உரிமையாளர் தரப்பும், பாக்கி வரவேண்டிய சில நிறுவனங்களும் உச்ச நீதிமன்றம் போயிருந்தார்கள். நீதிபதிகள் பேலா எம். திரிவேதி, சதீஷ் சந்திர சர்மா அமர்வு யாரையும் விடவில்லை. தீர்வு நிபுணர் கடமையைச் சரியாகச் செய்யவில்லை, கடன் கொடுத்தோர் குழு தன் வணிக அறிவைப் பயன்படுத்தவில்லை, ஜேஎஸ்டபிள்யூ சொன்ன நேரத்தில் பணம் கொடுக்கவில்லை, பங்கு மூலதனமாகப் போடுவதாகச் சொன்னதைப் பங்காக மாற்றக்கூடிய கடன்பத்திரம் கலந்து போட்டது என்று வரிசையாகக் குற்றங்களை அடுக்கியது. சட்டத்தை எழுத்து எழுத்தாகப் படித்தால் இந்தக் கேள்விகளில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் விளைவு? வங்கிகள் எப்போதோ வாங்கிக் கணக்கு முடித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நிலை. ஆலையில் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நாளை என்ன என்று தெரியாது. ஜேஎஸ்டபிள்யூ ஸ்டீல் பங்கு அன்றே சரிந்தது. திவாலான கம்பெனியை இனி யார் துணிந்து வாங்குவார்கள் என்ற கேள்வியும் எழுந்தது. ஏனென்றால் 2019 நவம்பரில் எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் இதே நீதிமன்றம், வாங்குபவர் 'சுத்தமான சிலேட்'டோடு தொடங்க வேண்டும், வணிக முடிவைக் கடன் கொடுத்தோர் குழுவிடம் விட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருந்தது.

திருப்பம்

மே 26-ல் கலைப்பு நடவடிக்கைக்கு உச்ச நீதிமன்றம் தற்காலிகத் தடை போட்டது. ஜூலை 31-ல் தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய், நீதிபதி சதீஷ் சந்திர சர்மா அமர்வு மே தீர்ப்பையே திரும்பப் பெற்றது. மறுஆய்வு மனுவில் இப்படி நடப்பது அபூர்வம். மே மாத அமர்வில் இருந்த நீதிபதி சர்மா இந்த அமர்விலும் இருந்தார் என்பது கவனிக்க வேண்டியது. பிறகு நீதிபதி கே.வினோத் சந்திரனும் சேர்ந்த மூவர் அமர்வு வழக்கைப் புதிதாக விசாரித்தது.

செப்டம்பர் தீர்ப்பில், தாமதத்துக்கு ஜேஎஸ்டபிள்யூ மட்டும் காரணம் இல்லை, அமலாக்கத்துறை முடக்கமும் வழக்குகளும் காரணம் என்று நீதிமன்றம் ஏற்றது. நஷ்டத்தில் இருந்த ஆலையை அது லாபத்துக்குக் கொண்டுவந்ததையும் கணக்கில் எடுத்தது.

இதில் இன்னொரு சுவாரஸ்யம். திட்டத்தைக் காப்பாற்ற வாதாடிய வங்கிகளே, திவால் நடைமுறை நடந்த காலத்தில் ஆலை ஈட்டிய லாபமும் தாமதத்துக்கான வட்டியும் தங்களுக்கு வேண்டும் என்று கேட்டன. ஒப்புக்கொண்ட திட்டத்தில் இல்லாததை இப்போது கேட்க முடியாது என்று நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது. கடையில் விலை பேசி, பணம் வாங்கி, பொருளைக் கொடுத்த பிறகு 'இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்க' என்று கேட்பது போலத்தான் அது.

ஜெட் ஏர்வேஸுக்கு மட்டும் ஏன் கலைப்பு?

2024 நவம்பர் 7-ல் ஜெட் ஏர்வேஸைக் கலைக்கச் சொன்னதும் உச்ச நீதிமன்றம்தான், அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவைப் பயன்படுத்தி. அங்கேயும் தாமதம், இங்கேயும் தாமதம். வித்தியாசம் எங்கே?

2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திய ஜெட்டை வாங்க வந்த ஜலான் கல்ராக் கூட்டணியின் திட்டத்துக்கு 2021 ஜூனில் ஒப்புதல் கிடைத்தது. முதல் தவணை 350 கோடி. மூன்று வருஷம் கழித்தும் உள்ளே வந்தது 200 கோடி மட்டுமே. மீதி 150 கோடிக்கு வங்கி உத்தரவாதத்தைக் கழித்துக்கொள்ளலாமா என்று வாதம் நடந்துகொண்டிருந்தது. விமான சேவை மீண்டும் தொடங்கவே இல்லை. பூஷண் பவரில் பணம் தாமதமாக வந்தாலும் வந்தது, உலையும் எரிந்தது. போட்ட 200 கோடி பறிமுதல், 150 கோடி உத்தரவாதமும் வங்கிகளுக்கு என்று ஜெட் வழக்கு முடிந்தது.

ஜெட் ஊழியர்களுக்கு ஒரே ஆறுதல் அதற்கு முன்பே கிடைத்திருந்தது. பிஎஃப், கிராஜுவிட்டி பாக்கியைக் கொடுக்க வேண்டும் என்ற மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவில் தலையிட 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. கம்பெனி கலைக்கப்பட்டாலும், பிஎஃப், பென்ஷன், கிராஜுவிட்டி நிதிகள் கடன்காரர்களுக்குப் பிரிக்கும் சொத்தில் சேராது. சம்பளப் பாக்கி அப்படி இல்லை, அது வரிசையில் நிற்க வேண்டும்.

இந்தத் தாமதங்களைக் குறைக்க, திவால் சட்டத் திருத்த மசோதாவை 2025 ஆகஸ்ட் 12-ல் மத்திய அரசு மக்களவையில் கொண்டுவந்தது. கடன் தவறியது உறுதியானால் மனுவை 14 நாளில் ஏற்க வேண்டும் என்பது அதில் ஒன்று. மசோதா தேர்வுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. 14 நாள் என்ற கெடு பழைய சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அது கட்டாயம் இல்லை என்றுதான் இத்தனை நாள் நடந்துவந்தது.