கார் ஷெட் லைட்டை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட்! சுவிட்சை மாற்றிப் போட்டால் ஆபத்து

நாகர்கோவில்:

குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பைக், கார் வந்து விட்டது. வீட்டோரம் நாலு இரும்பு பைப்பை நட்டு, மேலே ஷீட்டைப் போட்டு ஷெட் கட்டி விடுகிறார்கள். அதற்கு ஒரு லைட்டும், ஒரு சுவிட்சும் வேண்டும். "சின்ன வேலைதானே, நாமளே பார்த்துக்கலாம்" என்று பலர் தாங்களாகவே வயரை இழுத்து விடுகின்றனர். இங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது.

பேசா, நியூட்ரலா?

லைட்டுக்கு 2 வயர் போகிறது. ஒன்று பேஸ். இதில்தான் 230 வோல்ட் கரண்ட் வரும். இன்னொன்று நியூட்ரல். கரண்ட் திரும்பிப் போகும் வழி இது. சுவிட்ச் எப்போதும் பேஸ் வயரில்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் சுவிட்சை அணைத்ததும் ஹோல்டருக்கு கரண்ட் வராமல் நிற்கும்.

சுவிட்சை நியூட்ரலில் போட்டு விட்டாலும் லைட் எரியும், அணையும். பார்ப்பதற்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் லைட் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் முழு கரண்ட் நிற்கும். "சுவிட்சைத்தான் அணைச்சாச்சே" என்று ஈரத் தரையில் நின்று பல்பை மாற்றுகிறவரின் விரல் ஹோல்டருக்குள் பட்டால் போச்சு. ஒரு கை இரும்பு பைப்பையும் பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

கண்டுபிடிப்பது எப்படி?

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக எரிந்தாலோ, விட்டு விட்டு மினுங்கினாலோ சந்தேகப்பட வேண்டும். சிவப்பு இன்டிகேட்டர் உள்ள சுவிட்சாலும், நீண்ட தூர வயராலும் இப்படி வரலாம். இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறதா என்பதைத்தான்.

சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றியபின் ஹோல்டரின் 2 முனைகளிலும் டெஸ்டர் வைத்தால் எதிலும் வெளிச்சம் வரக்கூடாது. ஒன்றில் வந்தாலும் தப்பு. பழக்கம் இல்லாதவர்கள் இதில் கை வைக்காமல் வயர்மேனை கூப்பிடுவதே நல்லது.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. வீட்டு பிளக்கில் இருந்து 2 பின் பிளக் மாட்டி ஷெட்டுக்கு லைன் கொடுப்பவர்கள் ஏராளம். 2 பின் பிளக்கை எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் சொருகலாம். இன்று சரியாக இருக்கும் லைன், நாளை மாற்றிச் சொருகினால் பேசும் நியூட்ரலும் இடம் மாறி விடும். ஷெட்டுக்கு நிரந்தர லைன்தான் பாதுகாப்பு.

வேலை தொடங்கும் முன்

மெயினை அணைத்தால் மட்டும் போதாது. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் மெயின் ஆஃப் ஆனதும் இன்வெர்ட்டர் கரண்ட் கொடுக்க ஆரம்பித்து விடும். அதையும் அணைத்து, டெஸ்டரில் பார்த்த பிறகே வயரைத் தொட வேண்டும்.

வீட்டில் இருந்து சிவப்பு, கறுப்பு, பச்சை என 3 வயர் வர வேண்டும். சிவப்பு பேஸ். அது சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து ஹோல்டருக்குப் போகும். கறுப்பு நியூட்ரல். அது நேராக ஹோல்டருக்கு. பச்சை எர்த். ஷெட்டின் இரும்பு பைப்பையும், இரும்பு சுவிட்ச் பெட்டியையும் இதில் சேர்க்க வேண்டும். லைட்டுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயர், ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் வாங்கினால் போதும். வயரை பைப்புக்குள் விட வேண்டும். துணி காயப்போடும் கம்பியில் கட்டித் தொங்க விடவே கூடாது. பைப்புக்குள் ஜாயின்ட் போட்டு டேப் சுற்றுவதும் தப்பு. ஜங்ஷன் பாக்ஸ் வைத்து கனெக்டரில் முடுக்க வேண்டும்.

வீட்டு வாசலிலும் ஷெட்டிலும் தனித்தனியாக லைட்டை அணைக்க வேண்டுமானால் 2 டூ-வே சுவிட்ச் தேவை. அதிலும் பேசுதான் சுவிட்சுகள் வழியாகப் போக வேண்டும். வயரை மிச்சம் பிடிக்க பேசை ஒரு இடத்திலும், நியூட்ரலை வேறு இடத்திலும் எடுப்பது கூடாது.

மழையும் உப்புக் காத்தும்

குமரியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழை. ஷெட் போர்டுக்கு ஈரம் விடாது. குளச்சல், முட்டம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காத்து ஸ்குரூவை அரித்து விடும். எறும்பு, பல்லி உள்ளே போய் குடியிருக்கும். எனவே சாரல் படாத சுவரில், மூடி உள்ள தண்ணீர் புகாத பெட்டியில் சுவிட்சை வைக்க வேண்டும். 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தில் பல வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஷெட் தரை வீட்டை விட தாழ்வாகத்தான் இருக்கும். 4 அடிக்கு மேல் போர்டு இருப்பது நல்லது.

உயிர் காக்கும் கருவி

"டிரிப் சுவிட்ச் இருக்கே" என்று நினைப்பது தவறு. லைட் லைனுக்குப் போடும் 6 ஆம்பியர் எம்.சி.பி., வயர் சூடாகி எரியாமல் காப்பாற்றும். மனிதனைக் காப்பாற்றாது. 6 ஆம்பியர் என்பது 6 ஆயிரம் மில்லி ஆம்பியர். மனித உயிரைப் பறிக்க அதில் சின்ன பங்கே போதும்.

ஆர்.சி.சி.பி. என்ற கருவிதான் மனிதனுக்கு. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு குறைந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் லைனை துண்டித்து விடும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ம் ஆண்டு பாதுகாப்பு விதிமுறைகளும் வீடுகளுக்கு இதையே சொல்கின்றன. அதில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் கருவி பழுது.

ஷாக் அடித்தவரை கையால் இழுக்கக்கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் உலர்ந்த கம்பால் தள்ளி விட்டு, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தெருவில் வயர் அறுந்து கிடந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் சொல்லலாம்.

லைசென்ஸ் உள்ள வயர்மேனுக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி பெரிசாகத் தெரியலாம். அடுத்த மழையில் அந்த பல்பை மாற்றப் போவது வீட்டில் உள்ள பிள்ளையாகவும் இருக்கலாம்.