சந்தேகத்துக்குரிய இணைய முகவரிகளை ஆராய்தல்

சந்தேகத்துக்குரிய இணைய முகவரிகளை ஆராய்தல் என்பது, ஓர் இணையத்தளத்தின் பெயரையோ அது இயங்கும் கணினியின் எண் முகவரியையோ பொதுப் பதிவேடுகளிலும் புகார்த் தரவுத்தளங்களிலும் தேடி, அதன் பின்னணியை அறியும் முறையாகும். தளத்தின் பக்கத்தில் காணப்படுபவை அனைத்தும் அதை நடத்துபவர் எழுதியவை. பதிவேட்டில் உள்ள தேதி போன்ற விவரங்களைப் பிறர் குறித்து வைக்கின்றனர். அவற்றை நடத்துபவர் தம் விருப்பப்படி மாற்ற முடியாது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இந்த ஆய்வின் அடிப்படை.

சிவகாசிப் பட்டாசும் போலித் தளங்களும்

இந்தியாவில் தயாராகும் பட்டாசுகளில் பெரும்பகுதி விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி வட்டாரத்திலிருந்து வருகிறது. சிவகாசியை ஒட்டியுள்ள திருத்தங்கல் இவ்வட்டாரத்தின் முக்கிய ஊர்களுள் ஒன்று. திருத்தங்கல், சிவகாசி நகராட்சிகள் 2021ஆம் ஆண்டு இணைக்கப்பட்டு, சிவகாசி மாநகராட்சி உருவானது.

தீபாவளி நெருங்கும்போது வெளியூர்களில் இருப்போர் இவ்வூர்களின் விலைப்பட்டியலை இணையத்தில் தேடுகின்றனர். இந்தத் தேடலே மோசடிக்கும் வழியாகிறது. சமூக ஊடகங்களில் பெரும் தள்ளுபடி விளம்பரம் வரும். அதைத் தொட்டால் ஒரு தளம் திறக்கும். பணம் செலுத்திய பின் பட்டாசும் வராது, தொலைபேசியும் எடுக்கப்படாது. 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப்பிரிவு இத்தகைய தளங்கள் குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. மின்வணிகத் தளங்கள் பட்டாசுகளை இணையவழியில் விற்பதற்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று அளித்த தீர்ப்பில் தடை விதித்துள்ளது. எனவே முழுப் பணத்தையும் இணையத்திலேயே கேட்கும் பட்டாசுத் தளம் முதற்பார்வையிலேயே ஐயத்துக்குரியது.

இம்மோசடியில் இழப்பு வாங்குபவருக்கு மட்டும் அன்று. போலித் தளம் ஓர் உண்மையான கடையின் பெயரையும் முகவரியையும் பயன்படுத்தினால், ஏமாந்தவரின் கோபம் அந்தக் கடைக்காரர் மீதே திரும்புகிறது.

முகவரியைப் படிக்கும் முறை

இணைய முகவரியின் உரிமையை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியே தளத்தின் பெயர். எடுத்துக்காட்டாக, 'பட்டாசுக்கடை.காம்.தள்ளுபடி.இன்' என அமைந்த முகவரி பட்டாசுக்கடைக்கு உரியதன்று, 'தள்ளுபடி.இன்' என்ற பெயரைப் பதிவு செய்தவருக்கு உரியது. அதற்கு இடப்புறம் எந்தப் பெயரையும் அவர் சேர்த்துக்கொள்ளலாம்.

உலாவியில் தோன்றும் பூட்டுக் குறி, அனுப்பப்படும் தகவல் வழியில் மறையாக்கப்படுகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் மோசடித் தளங்களிலும் பூட்டுக் குறி உண்டு.

பதிவேட்டைப் பார்த்தல்

ஒரு தளப்பெயர் எந்த நாளில், எந்தப் பதிவு நிறுவனத்தின் வழியாகப் பதிவு செய்யப்பட்டது என்பதை 'ஹூயிஸ்' என்னும் தேடல் சேவை காட்டுகிறது. டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு 2025 சனவரி 28 முதல் 'ஆர்டாப்' என்ற புதிய முறை அதன் இடத்தைப் பிடித்துள்ளது. டாட் இன் பெயர்களின் பதிவேட்டை இந்திய தேசிய இணையப் பரிமாற்றகமான 'நிக்சி' நிர்வகிக்கிறது.

ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பின், பல பதிவுகளில் உரிமையாளரின் பெயர் மறைக்கப்படுகிறது. ஆனால் பதிவு தேதி மறைக்கப்படுவதில்லை. 'முப்பது ஆண்டு அனுபவம்' என்று எழுதியுள்ள தளத்தின் பெயர் மூன்று வாரங்களுக்கு முன் பதிவானதாக இருந்தால், அந்த முரண்பாடு கவனிக்கத்தக்கது. அதுவே முடிவான சான்றன்று. நேர்மையான கடையும் பண்டிகைக்காகப் புதிய தளம் தொடங்கலாம். மோசடி செய்பவர் கைவிடப்பட்ட பழைய பெயர் ஒன்றை வாங்கலாம்.

தளத்தில் ஜிஎஸ்டி எண் கொடுக்கப்பட்டிருந்தால் அதையும் அரசின் ஜிஎஸ்டி தளத்தில் தேடலாம். 15 இலக்கங்கள் கொண்ட அந்த எண் தமிழ்நாட்டு நிறுவனங்களுக்கு 33 என்று தொடங்கும். எண் உண்மையானதாக இருந்தாலும் அது வேறொருவருடையதாக இருக்கக்கூடும். ஆகவே பதிவிலுள்ள பெயர், பணம் பெறும் வங்கிக் கணக்கின் பெயருடன் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எண் முகவரியும் தாக்குதல் புகார்களும்

இணையத்தில் ஒவ்வோர் இணைப்பும் ஐபி முகவரி எனப்படும் எண்ணால் அறியப்படுகிறது, 203.0.113.25 என்பது எடுத்துக்காட்டுகளுக்கென ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்த ஓர் எண். ஆசிய பசிபிக் வட்டாரத்தில் இவ்வெண்களை 'ஆப்னிக்' பகிர்ந்தளிக்கிறது. எந்த எண் தொகுதி எந்த நிறுவனத்திடம் உள்ளது, முறைகேடு பற்றி யாரிடம் புகார் செய்யலாம் என்பன அதன் பதிவேட்டில் கிடைக்கும்.

கடையின் கண்காணிப்புக் கேமராப் பெட்டியோ அலுவலகக் கணினியோ இணையத்தில் திறந்திருந்தால், தானியங்கி நிரல்கள் அதன் கடவுச்சொல்லை இடைவிடாது ஊகித்துப் பார்க்கும். அம்முயற்சிகள் வந்த ஐபி முகவரிகள் கருவியின் பதிவுக் குறிப்பில் இருக்கும். அவற்றை 'அப்யூஸ் ஐபிடிபி' போன்ற தரவுத்தளங்களில் தேடினால், அதே முகவரியைப் பற்றிப் பிறர் முன்பே முறையிட்டுள்ளனரா என்று தெரியும். இணையத்தள முகவரிகளுக்கு 'வைரஸ் டோட்டல்' பயன்படுகிறது. ஒரே முகவரியைப் பல பாதுகாப்பு நிறுவனங்களின் பட்டியல்களுடன் அது ஒப்பிடுகிறது. இங்கு சமர்ப்பிக்கப்படும் முகவரிகளைப் பிறரும் காணக்கூடும் என்பதால், கடவுச்சொல் மாற்றும் இணைப்பு போன்ற தனிப்பட்ட முகவரிகளை இடக்கூடாது.

முடிவுகளின் வரம்பு

ஐபி முகவரி ஓர் ஆளின் அடையாளம் அன்று. கைபேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. ஒரே வழங்கியில் பல தளங்கள் இயங்கலாம். தாக்கும் கணினியே தீநிரலால் கைப்பற்றப்பட்ட அப்பாவி ஒருவருடையதாகவும் இருக்கலாம். எனவே முகவரியுடன் துல்லியமான நேரமும் இருந்தால்தான் சேவை நிறுவனம் தன் பதிவுகளிலிருந்து உரிய இணைப்பைக் கண்டறிய முடியும். அந்த விவரம் முறையான விசாரணை அமைப்புகளுக்கே கிடைக்கும்.

தேடலில் புகார் எதுவும் இல்லை என்பது நற்சான்றிதழும் ஆகாது. நேற்றுத் தொடங்கிய மோசடித் தளத்தைப் பற்றி இன்னும் எவரும் முறையிட்டிருக்க மாட்டார்.

முறையிடுதல்

பணம் போன பின் முகவரியை ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட உடனே முறையிடுவதே முக்கியம். 1930 என்ற தேசிய உதவி எண்ணை விரைந்து அழைத்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. தேசிய இணையவழிக் குற்ற முறையீட்டுத் தளமான சைபர்கிரைம்.ஜிஓவி.இன் வழியாகவும் புகார் பதியலாம். தளத்தின் முழு முகவரி, தேதியும் நேரமும் தெரியும் திரைப்பிடிப்பு, பணப் பரிவர்த்தனை எண், பேசிய தொலைபேசி எண் ஆகியவற்றைச் சேமித்து வைக்க வேண்டும், உரையாடல்களை அழிக்கக்கூடாது.

நிறுவனங்களின் கணினி வலையமைப்பு தாக்கப்பட்டால், இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான 'செர்ட்-இன்'னிடம் தெரிவிக்க வேண்டும். அது 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, அதில் குறிப்பிடப்பட்டுள்ள வகைத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிப்பதும், பதிவுக் குறிப்புகளை 180 நாள்கள் பாதுகாப்பதும் கட்டாயம்.

தன் பெயரில் போலித் தளம் இருப்பதை அறியும் கடைக்காரரும் காத்திருக்க வேண்டியதில்லை. பணம் இழந்தவர் எவரும் வரும் முன்பே காவல்துறையிடம் புகார் அளிக்கலாம். அத்தளத்தின் பதிவு நிறுவனத்துக்கும் இடவசதி வழங்கும் நிறுவனத்துக்கும் எழுதலாம். ஒருவர் இடும் புகார், அதே முகவரியை அடுத்துத் தேடுபவருக்கு எச்சரிக்கையாக அமைகிறது.