செல்போனுக்கு ஒரு அளவுச் சட்டை!

உங்கள் சட்டைப் பையில் இருப்பது வெறும் டெலிபோன் அல்ல. அது ஒரு முழுக் கம்ப்யூட்டர்!

ஆனால் ஒரு விசித்திரம். மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராமை அப்படியே எடுத்துச் செல்போனில் போட்டுப் பாருங்கள். ஓடாது. அசையக்கூட அசையாது!

ஏன்? அதை ஓட வைக்க வழியே இல்லையா?

வழி இருக்கிறது. அந்த வேலையைச் சிலர் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறார்கள். அது வெளியே தெரியாத வேலை. ஆனால் கம்ப்யூட்டர் வாங்க வசதி இல்லாத பிள்ளைகளுக்கும் அதனால் ஒரு கதவு திறந்திருக்கிறது.

பொத்தான் இல்லை, படம் இல்லை

கம்ப்யூட்டர் புரோகிராம்களில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, படமும் பொத்தானும் காட்டுவது. செல்போனில் நாம் அன்றாடம் பார்ப்பது இந்த வகைதான்.

இன்னொன்று, எழுத்தில் கட்டளை கேட்பது. திரையில் ஒரே ஒரு வரி டைப் அடிக்க வேண்டும். ஆயிரம் கடிதங்களில் "பாக்கி" என்ற சொல் எதில் எல்லாம் வருகிறது என்று தெரிய வேண்டுமா? அதற்கு ஒரு சிறிய கட்டளை உண்டு. அதை அடித்தால் கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்து நிற்கும்.

பார்க்க அழகு இல்லை. ஆனால் வேலையில் கெட்டி! தச்சருக்கு உளியும் சுத்தியலும் எப்படியோ, புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இவை அப்படி. இவற்றில் மிகப் பல இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை எழுதியவர்கள், எழுதிய மூலத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள்.

இந்தக் கருவிகள் செல்போனிலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எந்திரத்தின் பாஷை

புரோகிராமை மனிதர்கள் எழுதுவது இங்கிலீஷ் சொற்கள் கலந்த ஒரு மொழியில். எந்திரத்துக்கு அது புரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றும் பூஜ்யமும்தான்.

ஆகவே நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த வேலையைச் செய்வதும் ஒரு புரோகிராமே. அதற்குக் "கம்பைலர்" என்று பெயர். இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் கிரேஸ் ஹாப்பர் என்ற அமெரிக்கப் பெண்மணி. கணித மேதையான அவர், 1952-ம் ஆண்டிலேயே இந்த வழியில் முதல் அடியை எடுத்து வைத்தார்.

எல்லா எந்திரங்களுக்கும் ஒரே பாஷைதானா? இல்லை!

மேஜைக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இருப்பது இன்டெல் வழியில் வந்த சில்லு. செல்போன்களில் இருப்பது "ஆர்ம்" என்ற இனத்துச் சில்லு. இது 1985-ம் ஆண்டில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தது. மின்சாரத்தைக் குறைவாகவே குடிக்கும். அதனால் செல்போனுக்கு ஏற்றது. ஆனால் இதன் பாஷை வேறு. இன்டெல் சில்லுக்குக் "கூட்டு" என்று பொருள் தரும் எண், ஆர்ம் சில்லுக்கு வேறு எதையோ சொல்லும்.

சில்லு ஒன்றாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. ஐபோனிலும் ஆண்ட்ராய்டு போனிலும் ஆர்ம் இனத்துச் சில்லுதான் இருக்கிறது. ஆனால் இரண்டிலும் வீட்டு நிர்வாகம் வேறு. அந்த நிர்வாகத்துக்கு "ஆப்பரேட்டிங் சிஸ்டம்" என்று பெயர். ஒரு வீட்டில் அரிசிப் பானை சமையலறையில் இருக்கும். இன்னொரு வீட்டில் பரண்மேல் இருக்கும். புதிதாக வந்தவர் தேடித் தேடி அலைய வேண்டியதுதான்!

கோழியா, முட்டையா?

"செல்போனிலேயே மொழிபெயர்த்துக்கொண்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

அதற்குச் செல்போனில் கம்பைலர் இருக்க வேண்டும். கம்பைலரும் ஒரு புரோகிராம்தானே? அதைச் செல்போன் பாஷைக்கு மாற்ற ஒரு கம்பைலர் வேண்டுமே! முட்டைக்குக் கோழி வேண்டும். கோழிக்கு முட்டை வேண்டும் என்ற கதைதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 2007-ம் ஆண்டில் வெளிவந்த முதல் ஐபோனின் வேலை நினைவு 128 மெகாபைட் மட்டுமே. பெரிய புரோகிராம்களை மொழிபெயர்க்க அந்த இடம் போதாது.

இதற்குக் கண்டுபிடித்த வழி என்ன? பெரிய கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு, சின்ன எந்திரத்தின் பாஷையில் புரோகிராமைத் தயாரிப்பது. தயாரான பிறகு அதில் கொண்டு போய் ஏற்றுவது. இதற்குக் "கிராஸ் கம்பைல்" என்று பெயர்.

விமானத்தில் போன காகித நாடா

இந்த யுக்தி செல்போனுக்காகப் பிறந்தது அல்ல. அதற்கு வெகு காலம் முன்பே உண்டு.

1975-ம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில் "ஆல்டேர்" என்ற சிறிய கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. அதைப் பார்த்தார்கள் இரண்டு இளைஞர்கள். ஒருவர் பில் கேட்ஸ். மற்றவர் பால் ஆலன். இந்த எந்திரத்துக்குப் "பேசிக்" என்ற மொழியை எழுதித் தரத் துணிந்தார்கள்.

ஆனால் ஆல்டேரை அவர்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. அதை ஆல்டேரின் சில்லுபோல நடிக்க வைத்தார் ஆலன். அதிலேயே புரோகிராமைத் தயாரித்தார்கள். அதைக் காகித நாடாவில் துளைகளாகப் பதித்தார்கள். ஆலன் அதை எடுத்துக்கொண்டு, ஆல்டேர் கம்பெனி இருந்த ஆல்புகர்க்கி நகருக்கு விமானம் ஏறினார்.

விமானம் இறங்கப் போகும் நேரத்தில் நினைவு வந்தது. நாடாவில் உள்ளதை எந்திரத்துக்குள் இழுத்துப் போடும் சிறு புரோகிராமை எழுத மறந்துவிட்டார்கள்! விமானத்திலேயே அதை எழுதி முடித்தார் ஆலன்.

ஆல்புகர்க்கியில் நாடாவை ஏற்றினார்கள். "இரண்டும் இரண்டும் எவ்வளவு?" என்று கேட்டார் ஆலன். "4" என்று விடை வந்தது. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

செல்போனுக்குக் கருவிகள் செய்கிறவர்களும் இதே போலத்தான், ஓரிடத்தில் செய்து இன்னோரிடத்தில் ஓட்டுகிறார்கள்.

அளவு ரவிக்கை

தையல்காரரிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் பெண்கள் என்ன செய்கிறார்கள்? துணியோடு ஓர் அளவு ரவிக்கையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆள் நேரில் வர வேண்டாம். அளவு வந்தால் போதும்.

கிராஸ் கம்பைலும் அப்படித்தான். செல்போனில் உள்ள துணைப் புரோகிராம்களின் பிரதிகளைப் பெரிய கம்ப்யூட்டரில் ஒரு தனி அறையில் வைத்துக்கொள்கிறார்கள். அதுதான் அளவு ரவிக்கை. அதைப் பார்த்தே தைக்க வேண்டும்.

தையல்காரர் மறந்துபோய்த் தன்னையே அளந்து தைத்துவிட்டால்?

அந்த விபத்து இங்கே அடிக்கடி நடப்பது உண்டு! பழைய புரோகிராம்கள் பலவற்றில் ஒரு பழக்கம். மொழிபெயர்ப்பு தொடங்கும் முன் அவை எந்திரத்தைச் சோதித்துப் பார்க்கும். ஒரு குட்டிப் புரோகிராமை ஓட்டி, "இங்கே இன்ன வசதி இருக்கிறதா?" என்று கேட்கும். ஆனால் பதில் சொல்வது எது? பக்கத்தில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்! "இருக்கிறது" என்று அது சொல்லும். செல்போனில் அது இருக்காது. தைத்து முடித்து அனுப்பிய பிறகுதான் குட்டு வெளிப்படும்.

ஆகவே வேலை செய்கிறவர் அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். செல்போனுக்கு உரிய பதிலைத் தம் கையாலேயே எழுதி வைக்க வேண்டும். ஒரு புரோகிராமுக்கு மட்டும் அல்ல. நூற்றுக்கணக்கான புரோகிராம்களுக்கு!

ஐபோனுக்கு வந்த பொட்டலங்கள்

2007-ம் ஆண்டில் ஐபோன் வந்தபோது, அதில் வெளியார் எழுதிய புரோகிராமை ஏற்ற ஆப்பிள் கம்பெனி இடம் தரவில்லை. கம்பெனியின் கடை திறந்தது 2008 ஜூலையில்தான்.

அதற்கு முன்பே, 2008 பிப்ரவரியில், கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜே பிரீமன் என்ற இளைஞர் ஒரு காரியம் செய்தார். பூட்டுத் திறக்கப்பட்ட ஐபோன்களுக்காக, எழுத்துக் கட்டளைக் கருவிகளைக் கிராஸ் கம்பைல் செய்து வெளியிட்டார். அவற்றை வாங்கிப் பொருத்த "சிடியா" என்ற புரோகிராமையும் கொடுத்தார்.

அவர் கையாண்ட முறை 1993-ம் ஆண்டில் தொடங்கிய "டெபியன்" என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் முறை. அதில் ஒவ்வொரு கருவியும் ஒரு பொட்டலம். பொட்டலத்தின் மேல் ஒரு சீட்டு. "நான் வேலை செய்ய இன்னின்ன பொட்டலங்களும் வேண்டும்" என்று அதில் எழுதியிருக்கும். சீட்டைப் படித்து, வேண்டியதை எல்லாம் வரிசையாகக் கொண்டுவர ஒரு குமாஸ்தாப் புரோகிராம் உண்டு.

"போனின் பூட்டைத் திறப்பது குற்றமா?" என்று அமெரிக்காவில் பெரிய வாதம் நடந்தது. இதற்காகப் பூட்டைத் திறப்பது பதிப்புரிமைச் சட்டத்தை மீறியது ஆகாது என்று 2010 ஜூலையில் விலக்கு அளிக்கப்பட்டது.

நான்கு அளவு, ஆயிரம் பொட்டலம்

ஆண்ட்ராய்டு போன்களில் இந்த வேலையைச் செய்தது "டெர்மக்ஸ்". பிரெட்ரிக் பார்ன்வால் என்பவர் 2015-ம் ஆண்டில் தொடங்கினார். பிறகு பல நாட்டுத் தொண்டர்கள் கை கொடுத்தார்கள். பூட்டைத் திறக்க வேண்டியது இல்லை. சாதாரணப் போனிலேயே ஓடும்.

ஆனால் தொல்லைகள் ஒன்றா, இரண்டா?

தற்காலிகக் குறிப்புகளைப் போட்டு வைக்க லினக்ஸ் கம்ப்யூட்டரில் "டெம்ப்" என்ற அறை உண்டு. ஆண்ட்ராய்டில் அந்த இடத்தில் அந்த அறை இல்லை! பழைய புரோகிராம்களோ அங்கேதான் போய்க் கதவைத் தட்டும். ஒவ்வொரு புரோகிராமிலும் அந்த முகவரியை மாற்றி எழுத வேண்டியிருந்தது.

அளவும் ஒன்று அல்ல. ஆர்ம் இனத்தில் இரண்டு, இன்டெல் வழியில் இரண்டு, ஆக நான்கு! ஒவ்வொரு பொட்டலத்தையும் இந்த அளவுகளுக்கு ஏற்பத் தனித்தனியாகத் தைக்க வேண்டும். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் தயார் ஆகியிருக்கின்றன.

வாசலில் ஒரு காவல்

2019-ம் ஆண்டில் வந்த ஆண்ட்ராய்டு 10, ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது. புதிய முறைப்படி செய்யப்படும் ஒரு செயலி, தான் பிறகு இறக்கி வைத்துக்கொண்ட கோப்பைப் புரோகிராமாக ஓட்டக் கூடாது என்பது அந்த விதி.

இதில் நியாயம் உண்டு. நல்லவன்போல உள்ளே நுழைந்து, பிறகு திருட்டுப் புரோகிராமை இறக்கி ஓட்டும் செயலிகள் உண்டு. அவற்றைத் தடுக்கக் காவல் வேண்டும்.

ஆனால் டெர்மக்ஸின் பிழைப்பே பொட்டலத்தை இறக்கி ஓட்டுவதுதான்! திருடனுக்குப் போட்ட வேலி, தச்சரையும் தடுத்தது. 2020-ம் ஆண்டில், கூகுள் கடையில் அதன் புதிய பதிப்புகள் வருவது நின்றது. பழைய முறையிலேயே அதைச் செய்து, வேறு இடங்களில் தொடர்ந்து வெளியிட்டார்கள்.

போனைக் காப்பாற்றவும் வேண்டும்; போனுக்கு உடையவர் அதைத் தம் விருப்பம்போல ஆளவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

கோழி வந்தாயிற்று!

இவ்வளவு பாடும் எதற்காக?

அந்த ஆயிரம் பொட்டலங்களில் கம்பைலரும் ஒன்று! பெரிய கம்ப்யூட்டரில் தைத்த அந்தக் கம்பைலர், இப்போது செல்போனுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்கிறது. கோழி வந்துவிட்டது. இனி முட்டைக்குக் குறைவு இல்லை.

கம்ப்யூட்டர் இல்லாத வீடுகள் எத்தனையோ உண்டு. அவற்றில் பலவற்றில் ஒரு செல்போன் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை அதில் படம் மட்டும் பார்க்க வேண்டியது இல்லை. "சி" மொழியில் நான்கு வரி எழுதலாம். அதே போனில் மொழிபெயர்க்கலாம். அதே போனில் ஓட்டியும் பார்க்கலாம். பைசா செலவு இல்லாமல் "பைத்தான்" மொழியும் படிக்கலாம்.

பிழை வந்தால் எந்த வரியில் பிழை என்று கம்பைலரே சொல்லும். திருத்திவிட்டு மறுபடியும் ஓட்டிப் பார்க்கலாம்.